கொண்டை ஊசியில் ஒட்டிய கறுப்புக் கண்ணாடி

இன்று காலை கொண்டை ஊசி எடுக்கப் போனேன். நிலைக்கண்ணாடி ஓரத்தில் தொங்கும் உங்கள் பழைய கறுப்புக் கண்ணாடி, ஊசிகள் அத்தனையையும் பிடித்துவைத்திருந்தது. ஒன்றை இழுத்தால் நாலு கூடவே வருகிறது. நீங்கள் போன பிறகும் அதன் காந்தம் தளரவில்லை. உங்கள் பிடிவாதம் அதற்கும் வந்துவிட்டது போல.

நம் கல்யாணத்தன்று அதை மாட்டிக்கொண்டுதானே மணவறையில் உட்கார்ந்தீர்கள்? மூக்குக்கண்ணாடியின் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி, உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நீங்களே செய்தது. "வீடியோ லைட்டு கண்ணு கூசுதுங்க" என்று பெரியவர்களிடம் சாக்கு வேறு. தாலி கட்டக் குனிந்தபோது அது கழன்று என் கொண்டை ஊசிகளில் ஒட்டிக்கொண்டது. மண்டபமே சிரித்தது. போட்டோக்காரர் அதைத்தான் பெரிதாக எடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் ஆல்பத்தைப் பீரோவின் அடியில் போட்டேன். வருஷக்கணக்கில் யாருக்கும் காட்டவில்லை.

பிறகு தேவராஜ மொஹல்லா வட்டாரத்தில் நம் கடை ஓடியதே அந்தக் கண்ணாடியால்தான். தூரத்துக் கொள்ளேகாலிலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். அப்போதுதான் அந்தப் பெரிய கண்ணாடிக் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பிரேமும் அவர்களுடையது, லென்ஸும் அவர்களுடையது, ஊரெல்லாம் ஷோரூமும் அவர்களுடையது. போதாதென்று, காந்தத்தால் ஒட்டும் முறைக்கும் காப்புரிமை வாங்கிவிட்டார்களாம். நாம் விற்பதை நிறுத்த வேண்டுமாம். நிறுத்தினால் கடையை மூட வேண்டியதுதான்.

"அவங்க காப்புரிமை கேக்கறதுக்கு முன்னாடியே இதை நாலு பேர் பார்த்திருக்கணும். சாட்சி இருக்கா?" என்று நம் வக்கீல் கேட்டார்.

நீங்கள் என் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள். "அம்மிணி, சாட்சி உன்ற தலையிலதான் இருக்குது."

ஆல்பத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் தேதியோடு கல்யாணப் பத்திரிகை, அவர்கள் காப்புரிமை கேட்டதற்கு வருஷங்கள் முந்தியது. அடுத்த பக்கத்தில் ஊசிகளில் தொங்கும் கண்ணாடி, பின்னால் சிரிக்கும் மண்டபம். "ஆயித்தும்மா, இது போதும்!" என்று வக்கீல் கன்னடம் கலந்து சொல்லி மேசையைத் தட்டினார். பதில் போனது. கொஞ்ச நாளில் கம்பெனி நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அன்று மார்க்கெட்டிலிருந்து ஒரு பந்து மல்லிகை வாங்கி வந்து, "ஜெயிச்ச தலைக்கு" என்று நீட்டினீர்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியபோது நான் கோபப்படவில்லை. உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

நாளை நம் மகளுக்குக் கல்யாணம். "அப்பா இல்லாத ஆல்பம் எனக்கு எதுக்கும்மா?" என்று நேற்று கண்ணைக் கசக்கினாள். அதனால்தான் இன்று ஊசிகளை எல்லாம் பிரித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். தாலி கட்டும்போது நான் பக்கத்தில் நிற்பேன், என் கொண்டையில் உங்கள் கண்ணாடியோடு. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். நீங்களும் வந்திருந்தீர்கள் என்பதற்கு எங்களுக்கும் சாட்சி வேண்டாமா?