அக்கராயன் இரண்டு

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் குடையின் இடம் மாற்றப்பட்டது. பதினேழு ஆண்டுகளாகக் கதவுக்குப் பின்னால் தொங்கிய குடை இனி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் என்று, இரு தரப்பு வாதங்களையும் கேட்டபின், மனைவியார் தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டுக்கு இடமில்லை. தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு வந்ததால் கதிரையில் ஏறி நின்று மேல்தட்டை ஒழித்தேன். பழைய வினாத்தாள்களுக்குப் பின்னால் கையை விட்டபோது மண்ணெண்ணெய் மணத்தது.

நாம் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்து ஒரே விடுதியில் இருந்த காலத்தில், கறையானுக்குப் பயந்து மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயில் துணி நனைத்து நீங்கள் அட்டையைத் துடைப்பீர்களே, அந்தப் புத்தகம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மணம் போகவில்லை. உங்களை எரித்து, சாம்பலைக் கீரிமலையில் கரைத்ததும் வெகு காலத்துக்கு முந்திய கதையாகிவிட்டது.

கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில், அட்டையில் உதைபந்து என்று ஆங்கிலத்தில் போட்டிருந்ததை நம்பி நீங்கள் அதை வாங்கினீர்கள். அது அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் ஆட்டத்தைப் பற்றியது. அங்கே பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள் என்பது மூன்றாம் அதிகாரத்தில்தான் உங்களுக்குத் தெரியவந்தது. அதற்குள் வரைபடங்களில் மனத்தைப் பறிகொடுத்திருந்தீர்கள்.

“கையால பிடிக்கிறதெல்லாம் ஒரு சின்ன விசயம் காணும்,” என்றீர்கள். “மூளை ஒண்டுதான்.”

நான் சரித்திரம் படிப்பித்தவன். இதைவிடப் பெரிய விசயங்களைச் சின்ன விசயம் என்று ஒதுக்கிவிட்டு மன்னர்கள் போருக்குப் போயிருக்கிறார்கள். ஆகவே நான் மறுக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் முன்வரிசைக்குப் பின்னால் ஒருவன் நிற்பான். குவாட்டர்பக் என்று பெயர். அவன் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் கூப்பிடுவான். மற்றப் பத்துப் பேரும் ஏற்கெனவே மனப்பாடம் செய்த வழியில் ஓடுவார்கள். உருத்திரபுரத்துக்கு அப்பால், காடு வெட்டிப் பத்து வருடமேயான குடியேற்றத்தில், வெளி அணிக்கு எதிராக ஒரு கோல்கூடப் போட்டறியாத எங்கள் பாடசாலைக்கு இது பொருந்தும் என்று நீங்கள் கண்டீர்கள். ஆட்டங்களுக்குக் குளங்களின் பெயர் வைத்தீர்கள். எண், மடையைக் குறித்தது. மொத்தம் இருபத்துநான்கு. ‘அக்கராயன் இரண்டு’ என்றால் இடது ஓரத்தில் நிற்பவன் பந்தைப் பார்க்காமல் எதிராளிகளின் முதுகுக்குப் பின்னால் ஓடவேண்டும். பந்து அவன் தலைக்கு மேலால் வந்து அவனுக்கு முன்னே விழும்.

இளம் குவாட்டர்பக்கை உருவாக்குவது எப்படி என்று புத்தகத்தில் ஆறு அதிகாரங்கள் இருந்தன. முதலில் இரண்டு ஆட்டம் மட்டும் கொடு. பிழைவிட்டான் என்று உடனே ஆளை மாற்றாதே. கண்ணைப் பந்திலிருந்து எடுத்து ஆட்களின் மேல் வைக்கப் பழக்கு. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தீர்கள். ஏழாவது அதிகாரம், பொருளடக்கத்தின்படி, அவனாகவே மாற்றிக் கூப்பிட விடவேண்டிய வேளை எது என்பதைப் பற்றியது. அதை, புத்தகம் உங்கள் கைக்கு வருமுன்பே, கறையான் வாசித்து முடித்திருந்தது.

நடுவில் நின்று கூப்பிட நீங்கள் தேர்ந்தெடுத்தது தருமுவை. பதினாறு வயது, மெலிந்த உடம்பு, சுமாரான ஓட்டம், கேட்டதை மறக்காத தலை. அந்தக் கோடையில் வற்றிய குளத்தின் படுகையில் பயிற்சி தொடங்கியது. பதினொரு வேலிக் கம்புகளை நட்டு, ஒவ்வொன்றிலும் கிழிந்த சாரத் துண்டைக் கட்டி, எதிரணி இதுதான் என்றீர்கள். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று கம்புகள் இடம் மாறி நிற்கும்.

“யானை,” என்றீர்கள்.

“யானை பிடுங்கும் சேர். பிடுங்கினதைத் திருப்பி நடாது,” என்றான் கோல் காக்கும் பொடியன்.

நீங்கள் கம்புகளைச் சுற்றி ஒருமுறை நடந்தீர்கள். காலடித் தடம் எதுவும் இல்லை. “எதிரணி ஒரே இடத்தில நிக்குமோடா? நல்லதுதானே. அதுகள் நிக்கிற இடத்தில இருந்து தொடங்குங்கோ.”

அன்று முதல் அப்படியே தொடங்கினோம்.

மூன்று மாதத்தில் தருமு இருபத்துநான்கையும் படித்துவிட்டான். கூடவே இன்னொன்றும் படித்தான். ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் நீங்கள் தொண்டையை இருமுறை செருமுவீர்கள். அவனும் செருமினான். ‘அக்கராயன்’ என்பதில் நீங்கள் கடைசி எழுத்தை இழுப்பீர்கள். அவனும் இழுத்தான். படுகையில் முதுகைக் காட்டி நின்றால், கூப்பிட்டது நீங்களா அவனா என்று எனக்கே தெரியாது. ஒரு ஞாயிறு பின்னேரம் அவன் தாய் எங்கள் விடுதிக்கு வந்து, கதிரை காட்டியும் இருக்காமல், வாசலில் நின்றார்.

“மாஸ்டர், குறை நினைக்கக் கூடாது. பிள்ளை நித்திரையில கதைக்கிறான்.”

“என்ன கதைக்கிறான்?”

“குளங்களின்ர பேர். அது பரவாயில்லை. உங்கட குரலில எல்லோ கதைக்கிறான். ஆரோ வீட்டுக்குள்ள வந்திட்டினமெண்டு எங்கட மனுசன் கத்தியோட எழும்பிட்டார்.”

“எத்தினை குளம் சொன்னவன்?” என்று ஆவலோடு கேட்டீர்கள்.

“நான் எண்ணேல்லை. படிப்பிக்க வேண்டாமெண்டும் சொல்லேல்லை. பிள்ளையின்ர குரலை மட்டும் திருப்பித் தாங்கோ.”

அவர் போனபின், “நித்திரையிலும் பயிற்சி எடுக்கிறான், பாத்தீரே?” என்றீர்கள். நான் தேநீர் ஊற்றப் போய்விட்டேன்.

உங்கள் ஏற்பாட்டில் ஒரேயொரு ஓட்டை இருந்தது. அதன் பெயர் வேலன். இடது ஓரத்தில் அவனைப்போல் ஓட அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. ஆனால் அவன் ஓடவில்லை. அவன் தகப்பன் காட்டில் தேன் எடுப்பவர். காட்டுக்குள் ஒருமுறை கூப்பிட்டால் அசையக்கூடாது, இரண்டாம் முறைக்கும் அசையக்கூடாது, மூன்றாம் முறையும் கேட்டால் அது ஆள், பேயால் மூன்றாவது கூப்பிட முடியாது என்பதை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிறார்கள். படுகையின் மறுகரையில் காடு. வேலன் முதல் அழைப்பில் மரம்போல் நின்றான்.

“டேய், நான் பேயோ?” என்று கேட்டீர்கள்.

“இல்லை சேர்.”

“தருமு பேயோ?”

“இல்லை சேர்.”

“பின்னை ஏன்ரா ஓடேல்லை?”

“கால் கேக்குதில்லை சேர். ஒருக்காத்தானே கூப்பிட்டவன்.”

“எந்தப் பேயும் எங்கட பக்கம் விளையாட வராதடா, ஓடு,” என்றான் கோல் காப்பவன். எல்லோரும் சிரித்தார்கள். வேலன் மட்டும் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதற்கு வழி கண்டவன் தருமு. ஒருநாள் உங்களைக் கேட்காமல் ‘அக்கராயன் இரண்டு’ என்று மூன்று முறை கூப்பிட்டான். முதல் இரண்டுக்கும் வேலன் அசையவில்லை; அவனை மறிக்க நின்ற பொடியன் ஏமாந்து முன்னே வந்தான். மூன்றாவதில் வேலன் போனான். பந்து அவனுக்கு முன்னே போய் விழுந்தது. அந்த மூன்று அழைப்பும் உடைந்து கீச்சிட்டன. பல வாரங்களுக்குப் பின் தருமுவின் சொந்தக் குரலை நான் அன்றுதான் கேட்டேன்.

நீங்கள் விசிலை ஊதினீர்கள். “ஒரு ஆட்டத்துக்கு ஒரு அழைப்பு. இன்னொருக்கா மூண்டு தரம் கூப்பிட்டாயெண்டால், நடுவில வேற ஆள்.”

அவன் முகம் வாடியது. நடுவில் நிற்பதுதான் அவனுக்கு எல்லாம் என்பது உங்களுக்கும் தெரியும். தொண்டையை இருமுறை செருமி, “ஓம் சேர்,” என்றான், உங்கள் குரலில்.

வவுனியாப் பாடசாலை ஒன்றோடு நடக்கவிருந்த போட்டிக்கு எட்டு நாள் இருந்தது. அன்று பின்னேரம், தேநீர் ஆறும்வரை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “அவன் தன்ர ஆளைப் பாத்துக் கூப்பிடுறான் காணும். நான் புத்தகத்தைப் பாத்துக் கூப்பிடுறன். அவன் செய்ததுதான் சரி. இனி அவன் விரும்பினபடி கூப்பிடட்டும். நாளைக்கு உமக்குத்தானே அவன்ர வகுப்பில முதல் பாடம்? சொல்லிவிடும்.”

“ஏன், நீங்களே சொல்லலாமே?”

“எனக்கு வெக்கமா இருக்கு.”

ஐந்து நிமிடம் கழித்துச் சைக்கிளை எடுத்தீர்கள். “இல்லைக் காணும், அதை நானே சொல்லவேணும். சொல்லிப்போட்டு வாறன்.”

பொழுது படும் நேரத்தில் ஆட்கள் வந்து என்னைக் கூட்டிப்போனார்கள். வாய்க்கால் கட்டில், தருமுவின் வீட்டுக்குக் கால் மைல் இருக்க, மருத மரத்தில் சாய்ந்தபடி இருந்தீர்கள். சைக்கிள் ஒழுங்காக நிறுத்தியிருந்தது. இதயம் என்றார் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி. உங்கள் வாய் திறந்திருந்தது, பாதியில் நின்ற அழைப்புப்போல. துணியால் கட்டித்தான் மூடவேண்டியிருந்தது.

மறுநாள் முதல் பாடத்தில் நான் தருமுவிடம் சொல்லவில்லை. செத்தவீட்டு நாளில் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் பொடியன்கள் எல்லோரும் பந்தைத் தொட்டு, சேர் சொல்லித்தந்தபடி மட்டுமே விளையாடுவோம், ஒரு அழைப்பும் மாறாது என்று சத்தியம் செய்தார்கள். தருமு எல்லோருக்கும் முன்னே நின்றான். நீங்கள் மனம் மாறியதற்கு நான் ஒருவனே சாட்சி. இறந்தவர் கடைசியில் மனம் மாறினார் என்று சொல்ல வரும் ஒற்றைச் சாட்சிகளை, சரித்திரத்தில் நான் ஒருபோதும் நம்பியதில்லை. எட்டு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போட்டிக்கு அணியைக் கூட்டிப்போனவன் நான். உதைபந்தில் எனக்குத் தெரிந்தது பந்து உருண்டை என்பது. அந்த மைதானம் திறந்த வெளி, பக்கத்தில் காடும் இல்லை, குளக்கட்டும் இல்லை, எதிரொலிக்க ஒரு சுவரும் இல்லை. இதை நான் பிற்பாடு இரண்டு தடவை போய்ப் பார்த்து உறுதிப்படுத்தினேன். முதல் பாதியில் தருமு நான்கு முறை ‘அக்கராயன் இரண்டு’ கூப்பிட்டான். ஒவ்வொன்றும் ஒற்றை அழைப்பு, செருமலோடு, உங்கள் குரலில். உங்கள் குரலைக் கேட்டபோது எங்கள் பொடியன்கள் சிலரின் முதுகு விறைத்ததைக் கண்டேன். வேலன் நான்கு முறையும் நின்றான். நாங்கள் ஒரு கோல் பின்னால்.

இடைவேளையில் தருமு என் பக்கத்தில் வந்து குந்தினான். “என்னால ஏலாமல் கிடக்கு சேர்,” என்றான். “மூண்டு தரம் கூப்பிட்டால் அவன் ஓடுவான். ஆனா சேர் விடமாட்டார்.” அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“தண்ணியைக் குடி,” என்றேன்.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது பந்து தருமுவின் காலுக்கு வந்தது. நான் கோட்டோரம், அவனுக்கு நேரே, இருபது அடி தூரத்தில் நின்றேன். செருமல் கேட்டது. “அக்கராயன் இரண்டு.” வேலன் நின்றான்.

“அக்கராயன் இரண்டு.”

தருமுவின் வாய் மூடியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவன் மெல்லத் தலையைத் திருப்பித் தன் பின்னால் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை.

மூன்றாவது அழைப்பில் கடைசி எழுத்து இழுபட்டது. வேலன் ஓடினான். தருமு பின்னால் பார்த்தபடியே பந்தை உதைத்தான். அது வேலனின் தலைக்கு மேலால் போய் அவனுக்கு முன்னே விழுந்தது. அவன் அதைக் கோலுக்குள் அடித்தான். பாடசாலையின் முதல் கோல். எங்கள் பக்கத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றாக முடிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில், மாங்குளம் தாண்டியபின், கோல் காப்பவன் கேட்டான்: “தருமு, மூண்டு தரம் கூப்பிடுறேல்லை எண்டெல்லோ சத்தியம் பண்ணினாய்?”

“நான் ஒருக்காத்தான் கூப்பிட்டனான்.”

“அப்ப மற்ற ரெண்டும் ஆர்?”

“ஆராயிருந்தால் என்ன,” என்றான் வேலன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. “மூண்டாவது கேட்டது. மூண்டாவது கேட்டால் அது பேயில்லை.”

நான் நியாயமான விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பார்வையாளர் யாரோ கூப்பிட்டிருக்கலாம். அந்தச் சொல் எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எட்டு நாள் அடக்கிவைத்ததில் நானே என்னை அறியாமல் கத்தியிருக்கலாம். இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பக்கத்தில் நின்ற வவுனியா மாஸ்டரிடம் பிறகு விசாரித்தேன். “நீர் ஒரு பேச்சும் பேசேல்லையே,” என்றார்.

அடுத்த வாரம் தருமுவை வகுப்புக்கு வெளியே நிறுத்தி, நீங்கள் கடைசியாகச் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் ஒப்புவித்தேன்.

“ஓம் சேர், தெரியும்,” என்றான். கீச்சிடும் குரல், அவனுடையது. “அண்டைக்கு ஆட்டத்தில வந்து சொல்லிப்போட்டார்தானே.”

“அப்ப பிறகென்ன? இனி உன்ர விருப்பப்படி கூப்பிடலாம்.”

“நான் இனி நடுவில நிக்கேல்லை சேர். ஒண்டை நான் கூப்பிட, மிச்சத்தை அவர் கூப்பிடுவார். எனக்கு ஏலாது.”

நான் உடனே சொல்லியிருந்தால் அவன் தன் குரலில் மூன்று முறை கூப்பிட்டிருப்பான். அதற்காக நீங்கள் அவ்வளவு தூரம் வரவேண்டியிருந்திருக்காது. இது என்னோடு இருக்கிறது. அதன்பின் நெடுங்காலம் படிப்பித்தேன். ஒரு பிள்ளையைப் பற்றி நல்லதாக ஏதும் மனத்தில் பட்டால், அன்றைக்கே, மணி அடிக்குமுன், அதனிடம் போய்ச் சொல்லிவிடுவேன். சில வேளை அவர்கள் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் மறித்தும் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் விசர் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

அடுத்த ஆண்டு, நடுவில் நிற்க ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. பாடசாலையில் வலை கட்டிக் கரப்பந்தாட்டம் தொடங்கினோம்.