நாற்சந்தியில் நின்ற வண்டி

என்னங்க,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள்.

உங்கள் அருமை வண்டி இன்று நாற்சந்தி நடுவில் மறுபடியும் கியர் பிடிக்காமல் நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இரைகிறதே தவிர நகரவில்லை. பக்கவாட்டில் ஒரு லாரி வேகமாக வருகிறது. பின்சீட்டிலிருந்து பாப்பா கைதட்டுகிறாள்: "அப்பா மாதிரி ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா!" அவளுக்கு அது விளையாட்டு. லாரிக்காரர் எப்படியோ பிரேக் பிடித்துவிட்டார். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், பயப்படாதீர்கள்.

வண்டியைப் பார்த்த மெக்கானிக், "கியர் போடுற கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, அத மாத்துற வரைக்கும் ஓட்டாதீங்கன்னு சார்கிட்ட அப்பவே சொன்னேனேம்மா" என்கிறார். என்னிடம் மட்டும், "ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றீர்கள்!

நாளை பள்ளிக்கு நடந்தே போகிறோம். அந்தக் கம்ப்யூட்டரை மாற்றுவதா, வண்டியையே விற்பதா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா