சுகந்தி கொண்டுவந்த பத்திரம்

செவ்வாய்க்கிழமை, இரவு

இவரின்ரை தங்கச்சி சுகந்தி இணுவிலிலை ஐஸ்கிறீம் விக்கிற கிறீம் ஹவுஸ் ஒண்டு திறக்கப் போறா. டவுனிலை சனம் வரிசையிலை நிக்கிற ஒரு கடையின்ரை பேரிலை, அதின்ரை கிளையாக. அந்தக் கிளையை முதலிலை கேட்டது நான்.

இண்டைக்குப் பின்னேரம் புதுச் சீலையும் சிரிப்புமாய் வந்து, டவுன் கடைக்காரர் குடுத்த பதிவுப் பத்திரத்தை மேசையிலை விரிச்சா. "பேர் பதிஞ்சிருக்கு மச்சாள். உங்களுக்குத்தான் துணிவு காணாமல் போட்டுது" எண்டா.

அது பிரதேச செயலகத்திலை குடுக்கிற வியாபாரப் பதிவு. கடை நடத்த அது போதும். பேருக்குச் சொந்தம் கொண்டாடக் காணாது. அதுக்குக் கொழும்பிலை வியாபாரக் குறி பதியவேணும். நான் விசாரிச்சுப் பாத்தனான். அந்தப் பேரை அங்கை வேறை ஒரு கொம்பனி எப்பவோ பதிஞ்சு வைச்சிருக்கு. அவை வழக்குப் போட்டால் சுகந்தியும் பேர்ப்பலகையை இறக்கவேணும். அதாலைதான் நான் சத்தமில்லாமல் விட்டனான்.

சொல்லத்தான் வாயெடுத்தனான். அதுக்குள்ளை இவர், "என்ரை தங்கச்சி கெட்டிக்காரி" எண்டார். பதினாறு வருசத்திலை என்னை ஒருக்காலும் அப்பிடிச் சொன்னதில்லை.

"நீங்களும் ஒருக்காப் பாருங்கோ" எண்டு சுகந்தி பத்திரத்தை நீட்டினா. வாசிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கொண்டிருந்தன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" எண்டன்.

நாளைக்கு ஒப்பந்தம். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கேட்டா. ஓம் எண்டிட்டன்.