நீ வைத்த வெறுங்கலயம்

இன்று காலை ரேஷன் அரிசி மூட்டையைப் பிரித்ததும் அந்தப் புழுங்கல் வாடையோடு நீ வந்துவிட்டாய். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப அள்ளி, உன் மண் கலயத்தில் போட்டேன். நீ செத்து மூன்று வருஷம் ஆகியும் அதை விடவில்லை. ஆனால் இன்று எதற்கு இதெல்லாம் என்று அலுத்துப்போய் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் மாமனார், உன் நைனாதான் காரணம். படுக்கையில் கிடப்பவருக்கு எல்லாமே நான்தான். தூக்கி உட்கார வைத்தால் இடுப்பு விட்டுப்போகிறது. கஞ்சியில் உப்பில்லை என்று திட்டு வேறு. நேற்று உன் தம்பி வந்து, "பேசாம நைனாவ ஹோம்ல வுட்டுடலாம் மாமா. நாளைக்கு சாயங்காலம் வர்றேன், முடிவா சொல்லு" என்றான். சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

ஏரி வறண்ட அந்த வருஷம் ஞாபகமிருக்கிறதா? நடவு இல்லை, கூலி இல்லை. அப்போதும் வேளைக்கு ஒரு பிடி எடுத்து வைத்து ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனாய். காலனிப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான், முடியாதவர்கள் வீட்டுக்குப் போகிற அரிசி அது. எனக்குத்தான் எரிந்தது. "நமக்கே சோறு இல்ல, நீ சாமிக்குப் படியளக்கறியா?" என்று கத்தினேன். ஒரு சனிக்கிழமை நீ விறகுக்குப் போன நேரத்தில் கலயத்தைக் கவிழ்த்து, பொங்கித் தின்றுவிட்டேன்.

மறுநாள் வெறுங்கலயத்துக்குத் துணி கட்டி எடுத்துப்போய், மற்ற கலயங்களோடு பலிபீடத்தடியில் வைத்தாய். கடைசி வரிசையில் எனக்கு வியர்த்தது. அரிசியைச் சாக்கில் கொட்ட வந்த பெரியவர் துணியை அவிழ்த்தார். உன்னைப் பார்த்தார். பிறகு மற்றதைப் போலவே அதையும் சாக்கில் கவிழ்த்துவிட்டு நகர்ந்தார்.

"ஒண்ணுமில்லாத கலயத்த ஏம்மே எடுத்துக்கினு போன?" என்று வழியில் கேட்டேன்.

"எம்பங்கு சோத்துலருந்துதான் தெனம் எடுத்து வெச்சேன். அத நீ துன்ன. பசிச்சவன் வவுத்துக்குத்தான போச்சு? அத ஆண்டவர்கிட்ட சொல்லத்தான் எடுத்துக்கினு போனேன்."

வெட்கத்தில் செத்தேன். உன் தட்டில் குறைந்ததை எதிரில் உட்கார்ந்து தின்றவன் ஒரு நாளும் பார்க்கவில்லையே. பலி என்றால் என்ன என்று எந்தப் பிரசங்கத்திலும் எனக்குப் புரிந்ததில்லை. அன்று புரிந்தது.

இன்று திருவிருந்து ஆராதனை. முட்டி வலியோடு முழங்கால் போட்டேன். பாஸ்டர் அப்பத்தைப் பிட்டு உள்ளங்கையில் வைத்தார், நகத்தளவு துண்டு. 'என்னால முடியல ஆண்டவரே' என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. அவருக்கே சிலுவையைத் தூக்க இன்னொருவன் தோள் கொடுக்க வேண்டியிருந்ததே என்று நினைத்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது.

சாயங்காலம் உன் தம்பியிடம், "ஹோம் வேணாம். ஞாயித்துக்கெளமைல நீ வந்து நைனாவ குளிப்பாட்டு, அது போதும்" என்றேன். அவன் வெந்நீர் எங்கே வைப்பது என்று கேட்டான்.

அலுப்பு ஒன்றும் போய்விடவில்லை. இப்போதுதான் நைனாவுக்குக் கஞ்சி ஊட்டினேன். முதல் வாய்க்கு முன்னால், "அவ துன்னாளா?" என்று வழக்கம்போல் உன்னைப் பற்றிக் கேட்டார். நீ போனது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. நீ இருந்தவரை நான் ஒரு நாளும் கேட்காத கேள்வி அது.

"துன்ட்டா. நீ துன்னு" என்று ஊட்டினேன்.