இரண்டு பாத்திரங்களையும் கழுவிய கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நீயும் மருமகனும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதத் தொடங்குகிறேன், இங்கே எனக்கும் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் தம்பி குழாய்க் கம்பெனியில் நிரந்தரமாகிவிட்டான், ஆனாலும் மேல் அதிகாரியைத் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்கு வருகிறான். கூரையில் ஒழுகின இடத்தை அவனே ஏறி அடைத்தான், இப்போது பக்கத்து இடத்தில் ஒழுகுகிறது. நீ குளிரில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, சின்ன வயதிலேயே உனக்குக் காதுவலி. சபையின் நூறாவது ஆண்டு விழாவுக்கு வரச்சொல்லி செயலாளர் உனக்கு எழுதியதாகவும் நீ டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் தம்பி சொன்னான். டிக்கெட் போடாதே, இதை முழுக்கப் படித்துவிட்டு உன் இஷ்டப்படி செய். போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன், உன் குரலைக் கேட்டதும் பேத்தியைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

செயலாளர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். பழைய செயலாளருடைய மகன்தான், அப்பாவுக்குப் பின் அந்த நாற்காலி மகனுக்கு. நம் வீட்டு டம்ளரில் டீ குடித்தார், முகம் சுளிக்கவில்லை, நன்றாகப் பழகியிருக்கிறார். "உங்க மக அன்னைக்கு செஞ்சதுதாம்மா நம்ம சபையோட முதல் சீர்திருத்தம், விழாப் புத்தகத்துல ஒரு அத்தியாயமே போடுறோம், மேடையில உக்கார வெச்சு கௌரவிக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க இரண்டு பாத்திரம் வைத்திருந்தவர்கள் இவர்கள்தானே, முன் பெஞ்சுக்கு வெள்ளி, நமக்கும் வாய்க்கால் தெரு ஆட்களுக்கும் எவர்சில்வர். இரண்டையும் கழுவித் துடைத்து வைத்தது மட்டும் நான் ஒருத்தி. வெள்ளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்த கைக்குத் தீட்டு இல்லை, வாய்க்குத்தான் தீட்டு. இருபது வயதில் நீ அந்த எவர்சில்வர் பாத்திரத்தை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாயே, அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. ஒரே பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இளம் போதகர் விழித்ததும், நம் தெரு மூட்டைக்கார மாமா முதல் ஆளாக எழுந்து போய் வெள்ளியில் குடித்ததும், அவர் பின்னாலேயே நம் ஆட்கள் பதினெட்டுப் பேர் போனதும், முன் பெஞ்சு மொத்தமும் புடவை சரசரக்க வெளியே நடந்ததும் உனக்கும் மறந்திருக்காது.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். அடுத்த வாரம் நீ நர்ஸ் வேலைக்கு விமானம் ஏறிவிட்டாய். அதற்கு மறுநாள் பழைய செயலாளர் என்னைக் கமிட்டி அறைக்குக் கூப்பிட்டார். "உன் மக மன்னிப்புக் கடிதம் எழுதினா வீடு இருக்கும், இல்லாட்டி மாசக் கடைசியில சாமான எடுத்துக்க" என்றார். உன் அப்பா அப்போது மூச்சுக்குத் தவித்துக்கொண்டு சபை வேலைக்காக எனக்குக் கொடுத்திருந்த அந்த வீட்டுக் கட்டிலில்தான் கிடந்தார், தம்பிக்கு ஒன்பது வயது. உன்னிடம் கேட்டால் எழுதமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூட நோட்டைத் தேடி எடுத்து, உன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, நானே எழுதினேன். உன் பெயரைப் போட்டு உன் கையெழுத்தைப் போட்டேன். இப்படித்தான் இருக்கவேண்டும் என்று பழைய செயலாளர் சொல்லிக்கொடுத்த வரி ஒன்று இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: "என்னோடு எழுந்து வந்தவர்கள் என் தூண்டுதலால் பாவம் செய்தார்கள்." ஞாயிறு ஆராதனையில் அதைப் பீடத்திலிருந்து வாசித்தார்கள். மூட்டைக்கார மாமா தலையைக் குனிந்தபடி எழுந்து வெளியே போனார், அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை. மாமா ஏன் உன்னிடம் போனில் பேசுவதில்லை என்று நீ ஒரு தடவை கேட்டாய், காது கேட்கவில்லை என்றேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. மூன்று வருஷத்துக்கு முன் அவர் செத்தபோது, சபைக்கு வராதவர் என்று சொல்லி கோயில் மணிகூட அடிக்கவில்லை.

அந்த எவர்சில்வர் பாத்திரம் அதற்குப் பிறகும் பதினொரு வருஷம் இருந்தது, நானும் கழுவினேன். அது போனது எப்படி என்று புத்தகத்தில் எழுதமாட்டார்கள். ஊரெல்லாம் தொற்றுக் காய்ச்சல் வந்தது, கிருமிக்குப் பயந்து ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வாங்கினார்கள். முன் பெஞ்சுக்காரர் எச்சிலே முன் பெஞ்சுக்காரருக்கு ஆகாமல் போனது, அவ்வளவுதான். அதற்குத்தான் இப்போது சமத்துவம் என்று பெயர் வைத்து அச்சடிக்கிறார்கள். புத்தகத்துக்காகப் பழைய கோப்பைக் கிளறும்போது உன் பெயரில் இருக்கிற அந்தக் கடிதம் கிடைத்திருக்கிறது. செயலாளருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "துணிச்சலும் இருந்திருக்கு, பணிவும் இருந்திருக்கு, சபையும் மன்னிச்சு ஏத்துக்கிட்டிருக்கு, இதைவிட என்ன சாட்சி வேணும், விழாவுல அவங்களே வாசிக்கட்டும்" என்கிறார். உன்னை மேடையில் ஏற்றி, நீ எழுதாததை உன் வாயாலேயே வாசிக்கவைக்கப் போகிறார்கள். அதனால்தான் டிக்கெட் போடாதே என்றேன்.

போன ஞாயிறு அறிவிப்பு முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கடிதத்தை எழுதியது என் மகள் இல்லை, நான், வீட்டுக்காக எழுதினேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். புதுப் போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர் மைக்கை வாங்கி, "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் கொஞ்சம் தடுமாறுது, ஜெபத்துல வெச்சுக்குவோம்" என்றார். உடனே பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம், மாற்ற முடியாதாம். அவர்கள் செய்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கடைசிப் பெஞ்சில் மூட்டைக்கார அத்தை இருந்தார், புருஷன் போன பிறகு பேரனுக்காக வருகிறார். பாட்டு நடக்கும்போதே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை, அழவில்லை. "அந்தப் பொண்ணே நம்மளப் பாவின்னுட்டாளேன்னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. உனக்கும் எனக்கும் நடுவுல நாலு வீடுதான். ஒரு நாள் நடந்து வந்து சொல்லியிருக்கக்கூடாதா?" என்று கேட்டார். பயந்து எழுதினேன், அதைச் சொல்லிக்கொள்ளலாம். அப்பா செத்து, தம்பி வளர்ந்து, அந்த வீட்டைக் காலி செய்து நாம் வேறு வீட்டுக்கு வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லையே, அதற்கு என்ன சொல்வேன்? அவர்களைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன், என்னைத் திட்டிக்கொள்ளாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

என்னை மன்னி என்று கேட்கமாட்டேன், மன்னிப்புக் கடிதம் எழுதி நான் கெடுத்தது போதும். நீ வந்தால் சந்தோஷம், ஆனால் மேடைக்காக வராதே. கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் எங்கேயும் தலைகுனியாமல் நடத்தட்டும். மூட்டைக்கார அத்தையின் நம்பரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், இதைப் படித்ததும் முதலில் அவருக்குப் போன் செய், மாமாவைப் பற்றி நீ என்ன நினைத்தாய் என்று உன் வாயால் சொல். என்னோடு அப்புறம் பேசலாம். பேசாவிட்டாலும் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

இந்தக் கடிதத்தைச் சொந்தக் கையெழுத்தில் எழுதிய,
உன் அம்மா