சித்தப்பாவின் சிவப்பு பனியன்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் தயவில் நலம். முட்டிவலி தேவலையா?

நீங்கள் அனுப்பிய போட்டோ பார்த்தேன். ஜீயபுரம் வயலைப் பிரிக்க சர்வேயர் வருமுன்பே சித்தப்பா நம் பங்கிலும் வாழைக்கன்று நடுகிறார்! போனில் கேட்டால், "நட்டது நட்டாச்சு, விடும்மா" என்கிறார். எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நான் நர்ஸாக இருக்கும் ஓக்லஹோமாவுக்கு 'சூனர்' மாநிலம் என்று பட்டப்பெயர். பழங்குடிகளிடம் பறித்த நிலத்தில், குறித்த நேரத்துக்கு முன்பே திருட்டுத்தனமாகப் புகுந்து இடம் பிடித்தவர்கள்தான் சூனர்கள். நேற்று ஒரு நோயாளி பெருமையாகச் சொன்னார். சிரித்துவைத்தேன்.

கன்றுகளைப் பிடுங்கச் சொல்லுங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பருப்புப்பொடி அனுப்புங்கள், தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

லிசி

பி.கு.: போட்டோவில் சித்தப்பா போட்டிருக்கும் சிவப்பு பனியன் போன கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பியது. நெஞ்சில் எழுதியிருப்பது அந்தப் பட்டப்பெயர்தான்.