அகலமான தாழ்வாரம்

அக்கா,

நான் இங்கே தனியாகக் கிடக்கிறேன் என்றுதானே வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரி வேலை பார்த்து வைத்தாய். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் துறையின் தாழ்வாரம் தேவைக்கு மேல் அகலம். சுவரோரம் நெடுக சிமெண்டு பெஞ்சு. வகுப்பு முடிந்தாலும் மாணவர்கள் யாரும் அங்கிருந்து கிளம்புவதில்லை. வந்த புதிதில் நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன். ஒருநாள் ஒரு மாணவி கதவைத் தட்டினாள். "அப்படி என்ன சார் ஒளிச்சு வச்சுச் சாப்பிடுறீங்க? வெளிய வாங்க." அன்றிலிருந்து பெஞ்சில்தான் சாப்பாடு. பாதி அவர்களுக்கு.

நேற்றுக் கூட்டத்தில் துறைத்தலைவர், தாழ்வாரத்தை அடைத்து ஆசிரியர்களுக்குத் தனித்தனி அறை கட்டலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவன் நான், எப்படியோ எழுந்துவிட்டேன்.

"எனக்கு ரூம் வேணாம் சார். பசங்க நம்மகிட்ட பயமில்லாமப் பேசுறது அங்க மட்டுந்தான்."

"ரூம் வேணாங்கிற வாத்தியார இப்பத்தான்யா பாக்குறேன்" என்று சிரித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, திட்டத்தையும் கைவிட்டார்.

அந்த வேலைக்கு வேறு யாரையாவது சொல்லிவிடு, அக்கா. எனக்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

உன் தம்பி